ஸ்கிரிப்ட் ஓடுகிறது, பைலில் ஒன்றும் இல்லையே!

ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யச் சொன்னால் நமக்குச் சலிப்பு வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வராது. ஒரு விண்டோவைத் திறப்பது, கட்டங்களில் விவரங்களை இடுவது, சேவ் பட்டனைத் தட்டுவது, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது என்று நாம் மவுஸும் கீ போர்டும் கொண்டு செய்வதை அப்படியே செய்து தரும் இலவச புரோகிராம்தான் ஆட்டோஇட். ஜோனதன் பென்னட் என்பவர் 1999ல் தொடங்கிய இந்த சாப்ட்வேரின் மூன்றாம் பதிப்பு 2004ல் வெளியானது. இன்றும் அந்த வரிசையே தொடர்கிறது. இதனுடன் வரும் சைட் எடிட்டரில் நான்கு வரி எழுதி எப்5 கீயை அழுத்தினால் ஸ்கிரிப்ட் இயங்கத் தொடங்கிவிடும்.

புதிதாக இதைக் கற்பவர்கள் விண்டோக்களை இயக்குவதில் அதிகம் தடுமாறுவதில்லை. தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பைல்களைப் படிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிக்கல். அங்கே தவறு நடந்தால் ஆட்டோஇட் பெரும்பாலும் வாயே திறக்காது. ஸ்கிரிப்ட் ஓடி முடிந்துவிடும்; பைலில் ஒன்றும் இருக்காது. அல்லது இருக்க வேண்டியது இருக்காது. இந்த இரண்டாவது வகையில் நானே ஒருமுறை மாட்டிக் கொண்டேன். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

நான் பட்ட பாடு

எங்கள் தெருவில் ஒரு சிறிய படிப்பகம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைக் கவனித்துக் கொள்கிறார். அங்குள்ள 2,160 புத்தகங்களின் எண், தலைப்பு, ஆசிரியர் பெயர் ஆகியவற்றை அவர் ஒற்றை விரலால் நோட்பேடில் டைப் செய்து வைத்திருந்தார். புத்தகத்திற்கு ஒரு வரி. விவரங்களுக்கு இடையே ஒரு நெடுங்கோடு. முடிக்க மூன்று மாதங்கள் ஆனதாம். பிறகு படிப்பகத்திற்கு ஒரு நூலக சாப்ட்வேர் கிடைத்தது. அதில் ஒவ்வொரு புத்தகமாகத்தான் பதிய முடியும். பட்டியலை மொத்தமாக ஏற்றும் வசதி இல்லை. "நான் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன் ஐயா" என்று முன்வந்தேன்.

ஸ்கிரிப்ட் பட்டியலை முழுவதும் படித்துக் கொள்ளும். பின் அதே பைலை எழுதுவதற்காகத் திறக்கும். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பதியும். பதிய முடியாதவற்றை மட்டும் அந்த பைலில் திரும்ப எழுதும். கடைசியில் பட்டியலில் மிஞ்சுபவை பிரச்சினைக்குரிய புத்தகங்கள் மட்டுமே. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது புத்தகத்திலேயே, அந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று ஒரு சிறு விண்டோ எழுந்து நின்றது. என் ஸ்கிரிப்ட் அதை எதிர்பார்க்கவில்லை. வேறொரு விண்டோவுக்காகக் காத்துக் கிடந்தது. டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் இருந்த ஆட்டோஇட் ஐகானில் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுத்தேன். பின் பட்டியலைத் திறந்தேன். வெள்ளைத் திரை. பைலின் அளவு 0 பைட்.

ரீசைக்கிள் பின்னில் தேடினேன். டெலிட் செய்த பைல்தான் அங்கே போகும். உள்ளே துடைக்கப்பட்ட பைல் போகாது. பைல் ஹிஸ்டரி வசதி அந்தக் கம்ப்யூட்டரில் இயக்கப்படவில்லை. பட்டியலைத் திறந்து வைத்திருந்த நோட்பேட் விண்டோவையும் வேலை தொடங்கும் முன் நானே மூடியிருந்தேன். அது திறந்திருந்தால் அதிலிருந்தே மீண்டும் சேவ் செய்திருக்கலாம். ஆசிரியரின் பென் டிரைவில் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதில் 1,720 வரிகள் இருந்தன. மீதி 440 போனது போனதுதான்.

அவர் கோபிக்கவில்லை. "புத்தகம் அலமாரியிலதானே இருக்கு தம்பி, பட்டியல்தானே போச்சு" என்றார். நான்கு நாள் மாலையில் அவர் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அட்டையைப் பார்த்துப் படிக்க, நான் டைப் செய்தேன். அந்த நான்கு மாலைகளில் கற்றதைத்தான் கீழே தருகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் டைப் செய்திட வேண்டும். முதல் சில எழுத்துகளை இட்டாலே சைட் எடிட்டர் முழுப் பெயரையும் காட்டும். பெயரின் மீது கர்சரை வைத்து எப்1 அழுத்தினால் அதற்கான உதவிப் பக்கம் திறக்கும்.

பைலின் கைப்பிடி

பைல் வேலைக்கு மூன்று படிகள். பைல்ஓப்பன் கட்டளையால் திறக்க வேண்டும். பைல்ரீட்லைன் மூலம் படிக்கலாம் அல்லது பைல்ரைட்லைன் மூலம் எழுதலாம். கடைசியில் பைல்குளோஸ் மூலம் மூட வேண்டும். பைல்ஓப்பன் நமக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதற்கு ஹேண்டில் என்று பெயர். குடத்தைத் தூக்கக் கைப்பிடி போல, அதன் பின் பைலைக் கையாள இந்த எண் போதும்.

திறக்கும்போது எதற்காகத் திறக்கிறோம் என்பதை மோட் எண்ணால் குறிப்பிட வேண்டும்.

0 - படிப்பதற்கு மட்டும்.
1 - எழுதுவதற்கு. இருப்பதன் முடிவில் சேர்க்கும்.
2 - எழுதுவதற்கு. இருப்பதை அழித்துவிட்டுத் தொடங்கும்.
8 - போல்டர் இல்லையென்றால் உருவாக்கிக் கொள்ளும். 1 அல்லது 2 உடன் கூட்டித் தர வேண்டும்.

என் தவறு 2ல் இருந்தது. இருப்பதை அழிப்பது முதல் வரியை எழுதும்போது நடக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. திறந்த அந்த நொடியிலேயே பைல் காலியாகிவிடும். அதன் பின் ஸ்கிரிப்ட் நின்றால், மின்சாரம் போனால், காலியான பைல்தான் மிஞ்சும்.

சோதனை 1: திறந்ததா?

பைல் திறக்கவில்லை என்றால் பைல்ஓப்பன் -1 என்ற எண்ணைத் தரும். ஸ்கிரிப்ட் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். எனவே ஒவ்வொரு பைல்ஓப்பன் வரிக்கும் அடுத்து, கிடைத்த ஹேண்டில் -1 ஆக இருந்தால் எம்எஸ்ஜிபாக்ஸ் மூலம் ஒரு செய்தியைக் காட்டி, எக்ஸிட் கட்டளையால் வெளியேறும்படி எழுதிடவும். செய்தியில் வெறுமனே "பைல் திறக்கவில்லை" என்று போடாமல், திறக்க முயன்ற பைலின் முழு முகவரியும் தெரியும்படி செய்யுங்கள். பாதிப் பிரச்சினைகள் அந்த முகவரியைப் பார்த்ததுமே விளங்கிவிடும்.

சோதனை 2: முகவரி சரியா?

பைலின் பெயரை மட்டும் தந்தால் ஆட்டோஇட் அதை வொர்க்கிங் போல்டரில் தேடும். உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரும் இதுவும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஷார்ட்கட் மூலம் இயக்கினால் மாறலாம். டாஸ்க் ஷெட்யூலர் மூலம் இயக்கினாலும் மாறலாம். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பைல்ஓப்பன்டயலாக் என்ற கட்டளையால் பயனாளரை ஒரு பைலைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம் அல்லவா? அவர் தேர்ந்தெடுத்ததும் வொர்க்கிங் போல்டர் அந்த பைல் இருக்கும் இடத்திற்கு மாறிவிடும். அதன்பின் பெயர் மட்டும் தந்து எழுதிய லாக் பைல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நாம் இங்கே தேடிக் கொண்டிருப்போம்.

இதற்குத் தீர்வு எளிது. @ஸ்கிரிப்ட்டிர் என்பது ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரைத் தரும் சொல். அதனுடன் ஒரு பின்சாய்வுக் கோடும் பைல் பெயரும் சேர்த்து எப்போதும் முழு முகவரியாகவே தாருங்கள். @ஸ்கிரிப்ட்டிர் தரும் பெயரின் இறுதியில் பொதுவாகப் பின்சாய்வுக் கோடு இருக்காது. அதைச் சேர்க்க மறந்தால் போல்டர் பெயரும் பைல் பெயரும் ஒட்டிக் கொள்ளும்.

இனி பைல் பெயர். விண்டோஸ் வழக்கமாக டிஎக்ஸ்டி போன்ற துணைப் பெயர்களை மறைத்து வைக்கும். நோட்பேடில் உருவாக்கிய பைலுக்கு எக்ஸ்புளோரரில் நாமாக ரீநேம் கொடுத்து "பட்டியல்.டிஎக்ஸ்டி" என்று பெயர் வைத்தால், உண்மைப் பெயர் "பட்டியல்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி" ஆகியிருக்கும். எக்ஸ்புளோரரில் வியூ மெனு சென்று பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயர் தெரியும். ஸ்கிரிப்டிலும் திறக்கும் முன் பைல்எக்ஸிஸ்ட்ஸ் கட்டளையால் பைல் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். இருந்தால் 1, இல்லையென்றால் 0 கிடைக்கும்.

சோதனை 3: படிப்பதில் பிழையா?

பைல்ரீட்லைன் ஒரு வரியைப் படித்ததும், எப்படி முடிந்தது என்பதை @எர்ரர் என்ற சொல்லில் வைக்கும். சரியாகப் படித்தால் 0. பைல் முடிந்துவிட்டால் -1. பைல் படிப்பதற்காகத் திறக்கப்படவில்லை என்றால் 1. இங்கே நான்கு குழிகள் உண்டு.

முதல் குழி: சுழற்சியிலிருந்து வெளியேற @எர்ரர் -1 ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. பைல் திறக்கவே இல்லை என்றால் @எர்ரர் 1 ஆக இருக்கும். -1 ஒருபோதும் வராது. ஸ்கிரிப்ட் காலி வரிகளைப் படித்துக் கொண்டு முடிவில்லாமல் சுற்றும். "ஸ்கிரிப்ட் ஹேங் ஆகிவிட்டது" என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கவும். @எர்ரர் 0 ஆக இல்லை என்றாலே வெளியேறும்படி எழுதுவது நல்லது.

இரண்டாவது குழி: @எர்ரரைத் தாமதமாகப் பார்ப்பது. அடுத்த கட்டளை இயங்கியதும் அதன் மதிப்பு மாறிவிடும். பைல்ரீட்லைனுக்கும் @எர்ரர் சோதனைக்கும் இடையே, படித்த வரியைக் காட்டுவதற்காக ஓர் எம்எஸ்ஜிபாக்ஸ் வைத்தால், நீங்கள் சோதிப்பது எம்எஸ்ஜிபாக்ஸின் @எர்ரரை. பிழையைக் கண்டுபிடிக்க வைத்த வரியே பிழையை மறைத்துவிடும். படித்த உடன் சோதிக்கவும், பிறகு காட்டவும்.

மூன்றாவது குழி: ஹேண்டில் தராமல் பைல் பெயரையே தருவது. அப்படித் தந்தால் ஒவ்வொரு முறையும் ஆட்டோஇட் பைலைத் திறந்து, படித்து, மூடும். வரி எண் தரவில்லை என்றால் ஒவ்வொரு முறையும் முதல் வரியே கிடைக்கும்.

நான்காவது குழி: வரி எண்ணை 1, 2, 3 என்று ஏற்றிக் கொண்டே படிப்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் பைலின் தொடக்கத்திலிருந்து எண்ணிக் கொண்டு வர வேண்டியிருப்பதால், பைல் பெரிதாகப் பெரிதாக வேகம் குறையும். ஹேண்டில் மட்டும் தந்து எண்ணை விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து அடுத்த வரி தானாகக் கிடைக்கும்.

பைல்ரீட் கட்டளையால் மொத்தமாகப் படித்து, ஸ்ட்ரிங்ஸ்பிளிட் மூலம் வரிகளாகப் பிரிப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் டெக்ஸ்ட் பைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிஆர், எல்எப் என இரண்டு குறிகள் இருக்கும். @சிஆர்எல்எப் தந்து பிரித்தால், ஸ்ட்ரிங்ஸ்பிளிட் இரண்டையும் தனித்தனி வெட்டும் இடமாக எடுத்துக் கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு காலி வரி முளைக்கும். முதலில் ஸ்ட்ரிங்ஸ்ட்ரிப்சிஆர் கட்டளையால் சிஆர் குறிகளை நீக்கிவிட்டு, @எல்எப் கொண்டு மட்டும் பிரிக்கவும். எல்எப் மட்டுமே கொண்ட லினக்ஸ் பைலாக இருந்தாலும் இந்த வழி வேலை செய்யும். பிரித்துக் கிடைக்கும் வரிசையில் 0ஆம் இடத்தில் மொத்த எண்ணிக்கை இருக்கும். முதல் வரி 1ஆம் இடத்தில்தான் தொடங்கும்.

சோதனை 4: எழுதியது போய்ச் சேர்ந்ததா?

பைல்ரைட்லைன் வெற்றி பெற்றால் 1, தோற்றால் 0 தரும். மோட் 0ல் திறந்த ஹேண்டிலில் எழுத முயன்றால் 0தான் கிடைக்கும். நாம் அந்த விடையை வாங்கிப் பார்க்காவிட்டால் தோல்வி நமக்குத் தெரியாது.

விடை 1 வந்தும் பைலில் வரி இல்லையா? எழுதியது இன்னும் டிஸ்க்கைத் தொடாமல் இடைநினைவகத்தில் இருக்கலாம். ஸ்கிரிப்ட் முறைப்படி முடியும்போது திறந்திருக்கும் பைல்களை ஆட்டோஇட் தானே மூடிவிடும். ஆனால் டாஸ்க் மேனேஜரில் என்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்தினாலோ, மின்சாரம் போனாலோ கடைசி வரிகள் கிடைக்காமல் போகலாம். வேலை முடிந்ததும் பைல்குளோஸ் தருவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். நெடுநேரம் ஓடும் ஸ்கிரிப்டில் முக்கியமான வரிகளுக்குப் பின் பைல்பிளஷ் கட்டளையைத் தரலாம்.

லாக் பைலுக்கு மட்டும் நான் ஹேண்டில் பயன்படுத்துவதில்லை. பைல்ரைட்லைனுக்குப் பைல் பெயரையே தந்துவிடுவேன். ஒவ்வொரு வரிக்கும் பைலைத் திறந்து, முடிவில் சேர்த்து, உடனே மூடிவிடும். சற்று மெதுவாக இருந்தாலும், ஸ்கிரிப்ட் எங்கே நின்றாலும் அதுவரை நடந்தது பைலில் இருக்கும்.

சோதனை 5: வேறு யாராவது தடுக்கிறார்களா?

எக்ஸெலில் ஒரு சிஎஸ்வி பைலைத் திறந்து வைத்திருந்தால் அதில் ஸ்கிரிப்டால் எழுத முடியாது, -1 கிடைக்கும். எக்ஸெலை மூடிவிட்டு முயலவும். நோட்பேட் வேறு மாதிரி. அது பைலைப் படித்துக் கொண்டு விட்டுவிடும்; பூட்டாது. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதிய பிறகு, பழைய உள்ளடக்கத்துடன் திறந்திருக்கும் நோட்பேடில் நீங்கள் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் ஸ்கிரிப்ட் எழுதியது மறைந்துவிடும்.

பைலில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் சென்று ரீட்-ஒன்லி என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்க்கவும். புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் எழுத நிர்வாகி உரிமை வேண்டும். அங்கே எழுதாமல் டாக்குமென்ட்ஸ் போல்டரில் எழுதுவதே நல்லது.

டாக்குமென்ட்ஸிலும் எழுத முடியவில்லையா? விண்டோஸ் 10ல் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ் என்ற பாதுகாப்பு உள்ளது. ரேன்சம்வேர் புரோகிராம்கள் நம் பைல்களைக் கெடுக்காமல் காப்பதற்காக வந்தது. இதை இயக்கியிருந்தால், அறிமுகமில்லாத புரோகிராம்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில் எழுத முடியாது. விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பிரிவில் ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் என்பதைக் கிளிக் செய்து பார்க்கவும். பாதுகாப்பை நிறுத்திவிட வேண்டாம். அங்கேயே உள்ள அனுமதிப் பட்டியலில் ஆட்டோஇட் புரோகிராமைச் சேர்த்தால் போதும்.

சோதனை 6: தமிழ் கேள்விக்குறி ஆகிறதா?

எழுதிய பைலில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கின்றனவா? பைல் ஆன்சி முறையில் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி குறியீட்டுத் தொகுதி கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டுமே உண்டு. எனவே எழுதத் திறக்கும்போது குறியீட்டு முறையையும் நாமே சொல்லிவிட வேண்டும். மோட் எண்ணுடன் 128 கூட்டினால் பிஓஎம் உடன் கூடிய யூடிஎப்-8. 256 கூட்டினால் பிஓஎம் இல்லாத யூடிஎப்-8. அதாவது புதிதாக எழுத 130 அல்லது 258. முடிவில் சேர்க்க 129 அல்லது 257. பிஓஎம் என்பது பைலின் தொடக்கத்தில் இருக்கும் மூன்று பைட் அடையாளம். சிஎஸ்வி பைலை டபுள் கிளிக் செய்து எக்ஸெலில் திறக்கப் போகிறீர்கள் என்றால் பிஓஎம் உள்ளதாகவே எழுதவும். இல்லாவிட்டால் எக்ஸெலில் தமிழ் குதறிப் போய்த் தெரியலாம்.

எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. ஒரு புதிய பைலில் பைல்ரைட் கட்டளையால் "அம்மா" என்ற ஒரே சொல்லை எழுதி, பிராபர்ட்டீஸில் பைலின் அளவைப் பாருங்கள். இந்தச் சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து யூனிகோட் குறிகள் உள்ளன. யூடிஎப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எனவே 15 பைட் என்றால் பிஓஎம் இல்லாத யூடிஎப்-8. 18 என்றால் பிஓஎம் உள்ளது. 12 என்றால் யூடிஎப்-16; குறிக்கு 2 பைட் வீதம் 10, அதன் பிஓஎம் 2. வெறும் 5 என்றால் ஐந்து கேள்விக்குறிகள்! பைல்ரைட்லைன் கொண்டு எழுதினால் வரி முடிவுக்காக யூடிஎப்-16ல் 4 பைட்டும் மற்றவற்றில் 2 பைட்டும் கூடும்.

படிக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. பிஓஎம் இல்லாத பைலில் ஆட்டோஇட் தொடக்கப் பகுதியை மட்டும் பார்த்துக் குறியீட்டை ஊகிக்கும். தொடக்கத்தில் நெடுந்தூரம் ஆங்கிலமும் எண்களும் இருந்து, பின்னால் தமிழ் வந்தால் ஊகம் தவறலாம். 16384 என்ற மோட் எண்ணைத் தந்தால் பைல் முழுவதையும் பார்த்து முடிவு செய்யும். விண்டோஸ் 10ன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் நோட்பேட் பிஓஎம் இல்லாத யூடிஎப்-8ல்தான் வழக்கமாக சேவ் செய்கிறது. அந்த விண்டோவின் கீழ் ஓரத்தில் குறியீட்டின் பெயரையும் காணலாம்.

எப்படி எழுதியிருக்க வேண்டும்?

இரண்டாம் முறை படிப்பகத்திற்குச் சென்றபோது ஸ்கிரிப்டை இப்படி மாற்றியிருந்தேன்.

1. முதல் வேலை பிரதி எடுப்பது. பைல்காப்பி கட்டளை வெற்றி பெற்றால் 1, இல்லையென்றால் 0 தரும். 0 வந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதே பெயரில் நேற்றைய பிரதி இருந்தால் பைல்காப்பி அதன் மேல் எழுதாமல் 0 தரும். எனவே பிரதியின் பெயரில் தேதியையும் நேரத்தையும் சேர்த்தேன்.

2. மூலப் பட்டியலை மோட் 0ல் மட்டுமே திறப்பது. அதில் எழுதும் வரி ஸ்கிரிப்டில் எங்கும் கிடையாது.

3. பதிந்த புத்தகத்தின் எண் ஒரு பைலுக்கு, பதிய முடியாதவை இன்னொரு பைலுக்கு. இரண்டும் முடிவில் சேர்க்கும் பைல்கள்.

4. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது பதிந்தவற்றின் எண்களைப் படித்து, அவற்றைத் தாண்டிச் செல்வது. இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

5. விண்டோவுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் 10 விநாடி வரம்பு. வராவிட்டால் அந்தப் புத்தகத்தை முடியாதவை பைலில் குறித்துவிட்டு, எழுந்து நிற்கும் விண்டோவை மூடி, அடுத்ததற்குச் செல்வது.

6. முடிவில் கணக்குப் பார்ப்பது. பதிந்தவையும் முடியாதவையும் கூட்டினால் மூலப் பட்டியலின் வரிகளுக்குச் சமமாக வேண்டும்.

மூலப் பட்டியலை மாற்றியே ஆக வேண்டும் என்றால், புதியதை வேறு பெயரில் முழுவதும் எழுதி, மூடி, வரிகளை எண்ணிப் பார்த்த பின்னரே பைல்மூவ் கட்டளையால் பழையதன் இடத்தில் வைக்கவும். பழைய பைலின் மேல் எழுத, அந்தக் கட்டளையில் 1 என்ற எண்ணைச் சேர்த்துத் தர வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், முதலில் ஐந்து வரிகள் மட்டும் கொண்ட ஒரு பரிசோதனைப் பட்டியலில் ஓட்டிப் பார்ப்பது. ஐந்தில் ஒன்று காலி வரியாகவும், ஒன்று ஏற்கெனவே உள்ள எண்ணாகவும் இருக்கட்டும். நான் அன்று இதைச் செய்திருந்தால் ஐந்து வரிகள்தான் போயிருக்கும்.

புதிய ஸ்கிரிப்ட் இரண்டு நாட்களில் 2,147 புத்தகங்களைப் பதிந்தது. முடியாதவை பைலில் 13. கூட்டினால் 2,160. அந்தப் பதின்மூன்றும் ஒரே எண் இரண்டு புத்தகங்களுக்கு எழுதப்பட்டவை. ஆசிரியர் அவற்றுக்குப் புதிய எண்கள் இட்டுத் தானே பதிந்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பட்டியலைப் பென் டிரைவில் பிரதி எடுக்கிறார். "உங்க ஸ்கிரிப்டை நம்பாம இல்லை தம்பி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொள்வார்.

உங்கள் ஸ்கிரிப்டை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். பைல்ஓப்பன் என்ற சொல்லைத் தேடுங்கள். அதில் மோட் 2 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நின்று, இந்த வரி இயங்கிய அடுத்த நொடி மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். விடை மனதிற்குச் சரியாகப் படவில்லை என்றால், இன்றே அந்த வரியை மாற்றிவிடுங்கள்.